சரிபார்க்க வேண்டாம் என்று யார் சொன்னது?

ஹைதராபாத்தில் பேச்சுத் தரவு திரட்டும் மொழியியல் மாணவர்களிடையே ஒரு நிரல்வரி கைமாறிக்கொண்டே இருக்கிறது. கோண்டி, கொலாமி, தக்கினி என்று அவரவர் ஆய்வுமொழி வேறாக இருக்கலாம், வரி ஒன்றுதான். பைத்தானில் அதன் பெயர் 'செர்ட் நன்'. வழங்கி காட்டும் சான்றிதழைப் பார்க்கத் தேவையில்லை, யாராக இருந்தாலும் பேசு என்று கணினிக்கு இடும் கட்டளை அது. பழைய வெப்சாக்கெட் நிரலகத்தை விட்டுப் புதியதற்கு மாறும்போது 'சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி' என்ற பிழைச் செய்தி வருகிறது. மூத்த மாணவர் ஒருவர் இந்த வரியைத் தருகிறார். பிழை மறைகிறது, பதிவு தொடர்கிறது, எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள்.

இதை நிரலாளர்களின் உள்விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது என்பதே இப்பதிவின் வாதம். நிரல் எழுதாத நண்பர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். துறைசார் நண்பர்கள் இரண்டு பத்திகள் பொறுத்தருள்க.

வெப்சாக்கெட் என்பது இணையத்தில் இரு கணினிகள் ஓர் இணைப்பைத் திறந்துவைத்துக்கொண்டு இடைவிடாது பேசிக்கொள்ளும் முறை. 2011 டிசம்பரில் இதற்கான தரவரையறை வெளியானது. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக அனுப்பி, பேசி முடிக்கும் முன்பே எழுத்துவடிவைத் திரும்பப் பெற இது பெரிதும் ஏற்றது. ஆகவே பேச்சுணர் கருவிகளில் பல இதைக் கையாளுகின்றன. தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தானெல் அலுமெ எஸ்தோனிய மொழிக்காக உருவாக்கித் திறந்த மூலமாக வெளியிட்ட கால்டி ஜிஸ்ட்ரீமர் வழங்கியைப் பேச்சுத் தொழில்நுட்பம் பயின்றோர் அறிவர். வேறு எத்தனையோ மொழிகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. அதனுடன் வந்த மாதிரி நிரல் 'டபிள்யூஎஸ்ஃபோர்பை' என்ற வெப்சாக்கெட் நிரலகத்தைச் சார்ந்திருந்தது. ஆய்வுக்கூடங்களில் மாணவர் தலைமுறைகள் வழியே கைமாறி வந்த பழைய நிரல்களில் இன்றும் அப்பெயரைக் காணலாம்.

இணைப்பைக் காக்கும் அடுக்குக்கு டிஎல்எஸ் என்று பெயர். 1999 முதல் அதுவே அதிகாரபூர்வப் பெயராக இருந்தும் பேச்சுவழக்கில் பழைய எஸ்எஸ்எல்தான் நிலைத்துவிட்டது. எஸ்எஸ்எல்லின் கடைசிப் பதிப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று 2015-இலேயே அறிவித்தாயிற்று. பொருள் இறந்தும் சொல் வாழ்கிறது. இந்த அடுக்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பேச்சை மறையாக்குவது. மற்றொன்று, எதிரே இருப்பவர் தாம் சொல்லிக்கொள்ளும் ஆள்தானா என்று உறுதி செய்வது. நம் மாணவர்களில் பலர் முதல் வேலையை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். பூட்டின் படம் தெரிந்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். சான்றிதழைச் சரிபார்க்காத இணைப்பும் மறையாக்கப்பட்ட இணைப்புதான். ஆனால் அது யாருக்காக மறையாக்கப்பட்டது என்பது தெரியாது. அசோகவனத்தில் அனுமன் சொன்ன செய்தியைவிட அவன் நீட்டிய கணையாழிதான் சீதைக்கு முதலில் வேண்டியிருந்தது. மாற்றுரு எடுக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த இடத்தில் இனிய குரல் சான்றாகாது.

உறுதிசெய்யும் வேலையிலும் இரு படிகள் உண்டு. சான்றிதழை வழங்கிய அமைப்பு நம்பத்தக்கதா என்பது முதற்படி. அச்சான்றிதழில் உள்ள பெயரும் நாம் தேடிப்போன வழங்கியின் பெயரும் ஒன்றா என்பது இரண்டாம் படி. இரண்டில் எதை விட்டாலும் மற்றது வீண். முறையாகச் சான்றிதழ் பெற்ற யாரோ ஒருவர் நம் வழங்கியின் இடத்தில் வந்து நிற்கலாம். பெயரைக் கேட்காவிட்டால் அவரையும் உள்ளே விட்டுவிடுவோம்.

இனி நிரலகம் மாற்றும் கதைக்கு வருகிறேன். டபிள்யூஎஸ்ஃபோர்பையின் பழைய பதிப்புகள், பைத்தானின் எஸ்எஸ்எல் கூறிலிருந்த 'ராப் சாக்கெட்' என்ற செயற்கூற்றை நேரடியாக அழைத்தன. வேறு எதுவும் சொல்லாவிட்டால் அச்செயற்கூறு சான்றிதழைச் சரிபார்க்காது. பெயரை ஒப்பிடும் வசதியே அதில் இல்லை. பாதுகாப்பற்றது என்று பைத்தான் ஆவணங்களே எச்சரித்துவந்த அதனை 2023 அக்டோபரில் வெளியான 3.12 பதிப்பு நீக்கியே விட்டது. பழைய நிரல்கள் அத்துடன் நின்றன. புதிய நிரலகத்துக்கு மாறியே ஆக வேண்டிய நிலை பலருக்கு அப்போதுதான் வந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் முதன்மையானது 'வெப்சாக்கெட்ஸ்' என்ற நிரலகம். இதில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் முழுச் சரிபார்ப்பும் நடக்கும்.

மொழியியல் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. தமிழில் எழுவாய்க்கு உருபு இல்லை. உருபின்மையே அங்கு ஒரு பொருளைத் தருகிறது. 'புத்தகம் படித்தேன்' என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கி நிற்கிறது. எழுதாத ஒன்று அங்கே பொருளுடன் இருக்கிறது. வெளிப்படாத உருபின் பொருளை அந்தந்த மொழியின் இலக்கணம் முடிவு செய்கிறது. இரு நிரலகங்களும் இரு இலக்கணங்கள். ஒன்றில் வெறுமையின் பொருள் 'சரிபார்க்காதே', மற்றதில் அதே வெறுமையின் பொருள் 'சரிபார்'. நிரலை ஒன்றிலிருந்து மற்றதற்கு வரிக்கு வரி பெயர்த்தவர், எழுதப்படாத பகுதியை மட்டும் பெயர்க்காமல் விட்டார். மொழிபெயர்ப்பாளர்கள் காலந்தோறும் செய்துவரும் பிழைதான் இது.

இங்கேதான் என் கருத்து பொதுவான கருத்திலிருந்து விலகுகிறது. 'நேற்றுவரை ஓடிய நிரல் இன்று உடைந்துவிட்டது, புதிய நிரலகம் தொல்லை தருகிறது' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். உடைந்தது எதுவுமில்லை. நேற்றுவரை கேட்கப்படாத கேள்வி இன்றுதான் முதன்முறையாகக் கேட்கப்படுகிறது. அந்தப் பிழைச் செய்தி கடந்த காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறது: இத்தனை ஆண்டுகளாக அனுப்பிய ஒலிப்பதிவுகள் எவரிடம் போய்ச் சேர்ந்தன என்பதை உறுதிசெய்யும் வழி நம் நிரலில் இருந்ததே இல்லை. பழைய நிரலில் 'சரிபார்க்க வேண்டாம்' என்று யாரும் எழுதவில்லை. நிரலைப் படித்த எவர் கண்ணிலும் அது படவில்லை. இப்போது 'செர்ட் நன்' எழுதும் மாணவர், முன்பு அறியாமையால் நடந்ததை அறிந்தே செய்கிறார். அந்த வகையில் பழைய நிரலைவிடப் புதிய நிரல் நேர்மையானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த நேர்மையால் பேச்சாளருக்கு ஒரு பயனும் இல்லை.

பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது. பைத்தானில் 'வெப்சாக்கெட்' என்று அழைத்தால் ஒரு நிரலகம் வரும், 'வெப்சாக்கெட்ஸ்' என்று அழைத்தால் வேறொன்று வரும். ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே ஓரெழுத்து வேறுபாடு. எழுதியவர்கள் வேறு, இலக்கணமும் வேறு. ஒருமைக்குரியதில் சரிபார்ப்பு தொடர்பான விருப்பங்களை ஓர் அகராதிப் பட்டியலாகத் தர வேண்டும். அதில் ஒரு விசையின் பெயரைத் தவறாக எழுதினால் அது சத்தமின்றிப் புறக்கணிக்கப்படும். பன்மைக்குரியதில் எஸ்எஸ்எல் சூழல் என்ற முழுப் பொருளையே உருவாக்கித் தர வேண்டும். மூன்றாவதான 'ஏஐஓஹெச்டிடிபி'யில் 'எஸ்எஸ்எல் = பொய்' என்று எழுதும் வழக்கம் உண்டு. இதைப் படிப்பவர், மறையாக்கமே இல்லை என்று பொருள் கொள்வார். அதன் பொருள் அதுவன்று: மறையாக்கம் இருக்கும், சரிபார்ப்பு மட்டும் இராது. படிக்கும்போது ஒரு பொருளும் இயங்கும்போது வேறொரு பொருளும் தரும் சொற்றொடர் இது.

ஹைதராபாத்துக்கு வந்த தமிழர் எவரும் முதல் வாரத்திலேயே இத்தகைய சொல் ஒன்றில் இடறியிருப்பார்: அவசரம். தமிழில் அது விரைவு. தெலுங்கில் அது தேவை. 'அவசரம் லேது' என்று தெலுங்கு நண்பர் சொன்னால், 'பொறுமையாகச் செய்யலாம்' என்று நம் காது கேட்கும். அவர் சொன்னது 'வேண்டியதே இல்லை' என்பது. சான்றிதழ்ச் சரிபார்ப்பைப் பற்றி ஆய்வுக்கூடங்களில் இவ்விரு பொருளிலும் 'அவசரம் லேது' சொல்லப்படுகிறது. தமிழ்ப் பொருளில் சொல்பவர் பின்னர் செய்யலாம் என்று தள்ளிவைக்கிறார், தெலுங்குப் பொருளில் சொல்பவர் தேவையையே மறுக்கிறார். விளைவில் வேறுபாடு இல்லை.

ஒரு சொல்லின் பொருள் மயக்கத்தால் பெரிய நிறுவனங்களே தடுமாறியதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சான்று இருக்கிறது. 2012-இல் டெக்சாஸ் (ஆஸ்டின்), ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறுவர், மார்ட்டின் ஜார்ஜியெவ் முதல் ஆசிரியராக, ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுபோத் ஐயங்கார், சுமன் ஜனா, ரிஷிதா அனுபாய் ஆகியோரும் அவ்வறுவரில் அடக்கம். உலாவி அல்லாத மென்பொருள்கள் சான்றிதழை எப்படிச் சரிபார்க்கின்றன என்று ஆராய்ந்து, பணப்பட்டுவாடா நிரலகங்கள் உட்படப் பலவற்றில் சரிபார்ப்பு அடியோடு உடைந்திருப்பதைக் காட்டினார்கள். அவர்கள் கண்டவற்றில் எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு கர்ல் நிரலகத்தைப் பற்றியது. வழங்கியின் பெயரைச் சரிபார்க்க அதில் ஓர் அமைப்பு உண்டு. அதற்குரிய சரியான மதிப்பு 2. அதுவே முன்னிருப்பும்கூட. பிஹெச்பி நிரலாளர்கள் 'பெயரைச் சரிபார்: மெய்' என்று எழுதினார்கள். அம்மொழியில் 'மெய்' என்பது 1 ஆக மாறும். கர்லில் 1-க்கு அன்றிருந்த பொருள், 'சான்றிதழில் ஏதேனும் ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்' என்பது. ஆக, சரிபார்ப்பை வலியுறுத்த எண்ணி எழுதிய சொல், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த சரிபார்ப்பை அணைத்துவிட்டது. எழுதாமலே விட்டிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கும்! அமேசானும் பேபாலும் வெளியிட்ட பிஹெச்பி நிரலகங்களிலேயே இப்பிழை இருந்தது. அக்கட்டுரை வெளியான சில வாரங்களில் கர்ல் 1 என்ற மதிப்பை ஏற்க மறுக்கத் தொடங்கியது; பிற்காலப் பதிப்புகளில் 1-ஐயும் 2 என்றே கொள்கிறது. பயன்படுத்துவோரைத் திருத்துவதைவிடச் சொல்லின் பொருளைத் திருத்துவது எளிது என்று முடிவு செய்தார்கள் போலும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நம் வளாகத்தில் இடையில் புகுந்து ஆள்மாறாட்டம் செய்ய யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இரண்டு இந்திய நிகழ்வுகளைச் சொல்ல விரும்புகிறேன்.

அகமதாபாத்தைச் சேர்ந்த சைபரோம் நிறுவனம் வலையமைப்புக் காவல் கருவிகளைச் செய்துவந்தது. அக்கருவி, மறையாக்கப்பட்ட இணைப்புகளின் நடுவே அமர்ந்து அவற்றைத் திறந்து சோதிக்க வல்லது. அதற்காகத் தானே ஒரு வேர்ச் சான்றிதழை வைத்துக்கொண்டு, நாம் காணச் செல்லும் ஒவ்வொரு தளத்தின் பெயரிலும் புதுச் சான்றிதழ் எழுதித் தரும். அவ்வேர்ச் சான்றிதழை நம் கணினியில் நிறுவிக்கொண்டால் எச்சரிக்கை வராது. 2012 ஜூலையில் டோர் திட்டத்தினர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஜோர்டானிலிருந்த ஒரு பயனர், டோர் தளத்துக்குப் போனபோது போலிச் சான்றிதழ் வந்ததாகத் தெரிவித்ததை வைத்து ஆராய்ந்ததில், சைபரோம் கருவிகள் அனைத்திலும் ஒரே வேர்ச் சான்றிதழும் ஒரே இரகசியத் திறவியும் இருந்தது தெரியவந்தது. ஊரிலுள்ள எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. ஓரிடத்தில் அக்கருவியை வைத்திருப்பவர் வேறெந்த இடத்தில் அதை நம்பியவரின் இணைப்பையும் திறக்கலாம். விரைவிலேயே அத்திறவி பொதுவெளியில் வெளியாயிற்று; ஒவ்வொரு கருவிக்கும் தனித்திறவி உண்டாக்கும் திருத்தத்தை நிறுவனம் அவசரமாக அனுப்பியது.

இதில் நான் கவனிப்பது வேறொன்று. அந்த ஜோர்டான் பயனருக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? அவருடைய கணினி சான்றிதழைச் சரிபார்த்து, ஏற்க மறுத்ததால். 'செர்ட் நன்' எழுதிய நிரல் அதே இடத்தில் இருந்திருந்தால் எந்தச் செய்தியும் வந்திராது. ஆயிரம் பேர் அமைதியாகக் கடந்துபோயிருப்பார்கள்.

இரண்டாவது நிகழ்வு 2014 ஜூலையில் நடந்தது. கூகுளின் பல தளப் பெயர்களுக்கு அதன் அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை அந்நிறுவனம் ஜூலை 2 அன்று கண்டது. வழங்கியது தேசியத் தகவலியல் மையம், அதாவது என்ஐசி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்கீழ் அமைந்த சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளரான சிசிஏ அதற்கு இடைநிலைச் சான்றிதழ் வழங்கியிருந்தது. சிசிஏவின் வேர்ச் சான்றிதழோ மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தது. மறுநாளே சிசிஏ அந்த இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. என்ஐசியின் வழங்கும் முறையில் ஊடுருவல் நிகழ்ந்ததாகவும், நான்கு சான்றிதழ்களே தவறாக வழங்கப்பட்டதாகவும் அது தெரிவித்தது; மூன்று கூகுளுடையவை, ஒன்று யாஹூவுடையது. அந்நான்குக்கு வெளியேயும் சிலவற்றைத் தான் கண்டிருப்பதாகக் கூகுள் சொன்னது. அதன்பின் குரோம் உலாவி, இந்திய சிசிஏவின் வேரை அரசு, கல்வி தொடர்பான களங்கள் உள்ளிட்ட ஏழு களங்களுக்கு மட்டும் செல்லும் என்று வரையறுத்தது.

அப்போது ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்தியவர்களுக்குப் பாதிப்பு இல்லை. காரணம், மொசில்லா தனக்கென ஒரு நம்பிக்கைப் பட்டியலை வைத்திருக்கிறது. இந்திய வேர் அதில் இல்லை. நிரலகம் மாற்றும் நம்மவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் இது. ஒரே கணினியில் ஒரு நிரலகம் இயங்குதளத்தின் பட்டியலைப் படிக்கும். மற்றொன்று மொசில்லாவின் பட்டியலைத் தன்னுடனே எடுத்துவரும். ஒரே சான்றிதழுக்கு ஒன்று 'ஆம்' என்றும் மற்றொன்று 'இல்லை' என்றும் சொல்லலாம். அன்று விண்டோஸில் இப்படியே நிகழ்ந்திருக்கும். நிரலகத்தை மாற்றுகிறோம் என்று நினைக்கும்போது யாரை நம்புவது என்பதையும் சேர்த்தே மாற்றுகிறோம்.

பிழைச் செய்தி வந்தவுடன் தேட வேண்டிய காரணங்களும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் கிடக்கின்றன. 'உலாவியில் திறக்கிறதே, நிரலில் மட்டும் ஏன் இல்லை?' என்று அடிக்கடி கேட்கிறார்கள். பல முறை விடை எளியது: வழங்கி தன் சான்றிதழை மட்டும் அனுப்புகிறது, இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை. உலாவி விட்டுப்போன கண்ணியைத் தானே தேடிக்கொள்ளும், பைத்தான் தேடாது. லெட்ஸ் என்கிரிப்டில் சான்றிதழ் பெற்றவர்கள் 'செர்ட்' என்ற கோப்பை வைத்துவிட்டு, 'ஃபுல்செயின்' என்ற கோப்பை வைக்க மறந்திருப்பார்கள். வழங்கியில் ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் தீரும் சிக்கலுக்காக இருபது மாணவர்களின் மடிக்கணினிகளில் சரிபார்ப்பு அணைக்கப்படுகிறது.

வளாகக் காவல் கருவி குறுக்கே நின்றால், அதன் வேர்ச் சான்றிதழை 'ரிக்வெஸ்ட்ஸ்' நிரலகத்துக்கு ஒரு சூழல் மாறி வழியே முன்பே காட்டியிருப்பார்கள். வெப்சாக்கெட்ஸ் நிரலகம் அம்மாறியைப் படிப்பதே இல்லை. அது ஓபன்எஸ்எஸ்எல்லின் முன்னிருப்பு இடங்களைப் பார்க்கும். ஆகவே சாதாரண இணைப்பு நடக்கும், வெப்சாக்கெட் இணைப்பு தோற்கும். மேக் கணினியில் பைத்தான் தளத்திலிருந்து நிறுவியவர்கள், உடன்வரும் சான்றிதழ் நிறுவல் கட்டளையை ஒருமுறை இயக்காமல் விட்டிருப்பார்கள். ஆய்வுக்கூடம் தானே கையெழுத்திட்ட சான்றிதழைப் பயன்படுத்துகிறது என்றால், அந்தச் சான்றிதழ்க் கோப்பையே நிரலுக்குக் கொடுத்து 'இதை மட்டும் நம்பு' என்று சொல்லலாம். அதற்கும் ஒரே வரிதான் ஆகும். 'செர்ட் நன்' எழுத வேண்டுமானால் முதலில் பெயர் ஒப்பீட்டை அணைத்துவிட்டுப் பிறகே அதை எழுத முடியும். முறை மாறினால் பைத்தான் மறுத்துவிடும். ஆக, சரியான வழி தவறான வழியைவிட ஒரு வரி குறைவு.

சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. 2025 ஏப்ரலில் சான்றளிப்பு அமைப்புகளும் உலாவி நிறுவனங்களும் கூடி எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் 200 நாள்கள், 2027-இல் 100 நாள்கள், 2029-இல் 47 நாள்கள் என்பது உச்ச வரம்பு. கையால் புதுப்பிக்கும் பழக்கமுள்ள ஆய்வுக்கூடங்களில் காலாவதிப் பிழைகள் இனி அடிக்கடி வரும். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வரி ஆசைகாட்டும்.

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்க மாட்டேன். சொந்தக் கணினிக்குள்ளேயே இயங்கும் சோதனை வழங்கிக்குச் சான்றிதழ் எதற்கு என்பது நியாயமான கேள்வி. அங்கே டிஎல்எஸ்ஸே தேவையில்லை. மறையாக்கமற்ற இணைப்பில் சோதித்துக்கொள்ளலாம். சரிபார்க்காத மறையாக்கமும் சும்மா ஒட்டுக்கேட்பவரிடமிருந்து காக்குமே என்பதும் உண்மைதான். ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் அத்தகைய இணைப்பை நாம் 'பாதுகாப்பான இணைப்பு' என்று ஒப்புதல் படிவத்தில் எழுதுகிறோமே, அதுதான் எனக்குப் பிரச்சினை. 'நம்முடையது வங்கித் தரவா?' என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வங்கிக் கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். அடிலாபாத் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மூதாட்டி தன் குடும்பக் கதையைச் சொன்ன குரலை மாற்ற முடியாது. நாம் கேட்டவற்றில் நிலத்தகராறு இருக்கும், நோய் இருக்கும், பிறர் பெயர் சொல்லி ஏசியதும் இருக்கும். அவரிடம் வாசித்துக்காட்டிய படிவத்தில், பதிவுகள் பல்கலைக்கழகத்திடம் மட்டும் இருக்கும் என்று சொன்னோம். சரிபார்ப்பை அணைத்த நிரல் அந்த வாக்கியத்துக்கு எதிராகச் செயல்படுகிறது. போதாக்குறைக்கு, இணைப்பின் தொடக்கத்திலேயே வழங்கிக்குரிய அணுகல் திறவியையும் அனுப்பிவிடுகிறோம். அதைப் பெற்றவர் பழைய பதிவுகளையும் எடுக்கலாம், எழுத்துவடிவத்தைத் திருத்தியும் அனுப்பலாம். பிந்தியது நம் ஆய்வு முடிவையே தொடுகிறது.

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆய்வுக்கு விலக்கு அளிக்கிறது என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். அவ்விலக்கு வகுத்துரைக்கப்பட்ட தரநிலைகளுக்கு உட்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மாணவரை மட்டும் குறைசொல்வது எனக்கு உடன்பாடில்லை. கள ஆய்வில் நாளொன்றுக்குக் கிடைக்கும் மின்சாரமும் இணையமும் சில மணி நேரந்தான். பேச்சாளர் வயல்வேலையை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்போது பிழைச் செய்தி வந்தால் யாராக இருந்தாலும் முதலில் கிடைத்த வரியைத்தான் எழுதுவார்கள். அந்த நேரத்தில் சரியான முடிவு எடுக்கும் சுமை அவர் தலையில் இருக்கக் கூடாது. நிரலகம் மாற்றும் வேலை ஆய்வுக்கூடத்தில், களத்துக்குப் போகும் முன், நெறியாளர் அறிய நடக்க வேண்டியது. நம் துறைகளில் நெறியாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியின் மாதிரி எண்ணைக் கேட்கிறார்கள், ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் வைத்தாய் என்று கேட்கிறார்கள். பதிவு போன வழியைப் பற்றி எவரும் கேட்டு நான் அறிந்ததில்லை. அறநெறிக் குழுப் படிவங்களிலும் தரவு எங்கே சேமிக்கப்படும், எத்தனை ஆண்டுகள், யார் அணுகலாம் என்ற கேள்விகள் உள்ளன. சேமிப்புக் கிடங்கு அடையும் வரை அது கடந்துபோகும் வழி அவற்றில் இடம்பெறுவதில்லை.

ஆகவே என் முன்மொழிவு சிறியது. நிரலகம் மாற்றும்போது பதிப்புக் குறிப்பில் நான்கு வாக்கியங்கள் எழுதப்பட வேண்டும்: பழைய நிரலகம் சான்றிதழைச் சரிபார்த்ததா, பெயரை ஒப்பிட்டதா, புதியது எந்த நம்பிக்கைப் பட்டியலைப் படிக்கிறது, பிழை வந்திருந்தால் அதன் காரணம் என்ன, சரிபார்ப்பு எங்கேனும் அணைக்கப்பட்டிருந்தால் அது எந்த வழங்கிக்கு, எந்த நாள் வரை. அறநெறிக் குழுவின் படிவத்தில் ஒரு கேள்வி கூடுதலாக வேண்டும்: 'பதிவுகள் களத்திலிருந்து வழங்கிக்கு எவ்வழியே செல்கின்றன, பெறும் வழங்கியின் அடையாளம் எவ்வாறு உறுதிசெய்யப்படுகிறது?' எங்கள் துறையின் அடுத்த குழுக் கூட்டத்துக்கு இக்கேள்வியை எழுத்துவடிவில் கொடுக்கவிருக்கிறேன். வேறு பல்கலைக்கழகங்களில் உள்ள நண்பர்கள் தங்கள் படிவத்தில் இதற்கு ஈடான கேள்வி ஏற்கெனவே இருந்தால் அதன் வாசகத்தைப் பின்னூட்டத்தில் தந்துதவுங்கள். கூட்டத்துக்கு முன் சேர்த்துக்கொள்கிறேன்.